சுரங்க வாசலில் இரண்டு மேடுகள்

(புக்கிட் பாஞ்சாங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

புக்கிட் பாஞ்சாங் மண்ணில் நிலக்கரி கிடையாது. இந்த வட்டாரத்தின் அடியில் இருப்பது கருங்கல். டெய்ரி ஃபார்ம் பக்கத்துச் சிங்கப்பூர் குவாரியும் புக்கிட் தீமா அடிவாரத்து ஹிண்ட்ஹீட் குவாரியும் அந்தக் கல்லை வெட்டி எடுத்த பள்ளங்கள். இன்று நீர் நிறைந்து, குடும்பத்தோடு பறவை பார்க்கப் போகும் இடங்களாகிவிட்டன.

ஆனாலும் கரிப்புகை இந்த ஊருக்கு அந்நியமானதல்ல. 1903இல் ஓடத் தொடங்கிய சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் புக்கிட் பாஞ்சாங்கைக் கடந்துதான் வடக்கே போனது. 1923இல் ஜொகூர் கடற்பாலம் ரயிலுக்குத் திறக்கப்பட்ட பிறகு, தீபகற்பத்துக்கும் தீவுக்கும் இடையே வண்டிகள் நேராகவே ஓடின. 1932இல் தஞ்சோங் பகாருக்குப் புதிய பாதை வந்தபோதும் இந்த வட்டாரம் வழியில் இருந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அந்த ஓட்டம் நின்று, தண்டவாளம் கிடந்த நிலம் இப்போது மக்கள் நடந்து செல்லும் பசுமைப் பாதையாகியிருக்கிறது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் மலாய் மாநிலங்களின் ரயில்வே எரித்த கரியில் பெரும்பங்கு ஒரே ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர் சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த பத்து ஆராங்.

அங்கே 1908இல் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் முன்னின்று தொடங்கிய மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915இல் கரி எடுக்கத் தொடங்கியது. திறந்தவெளிப் பள்ளமும் இருந்தது, நிலத்தடிச் சுரங்கமும் இருந்தது. சீனத் தொழிலாளர் பெரும்பான்மையினர். தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டதும், காவல்துறை உள்ளே புகுந்து அதை முறியடித்ததும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனி அத்தியாயம். ரயில்வேயும் மற்ற வாடிக்கையாளர்களும் எண்ணெய்க்கு மாறிய பின், 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அந்தக் கரியின் குணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பத்து ஆராங் கரி புவியியல் கணக்கில் இளையது. ஈரம் மிகுந்தது, காற்றுப்பட்டால் உதிர்வது, குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிப்பது. வெல்ஷ் கரியைப் போலத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, நீண்ட கடற்பயணக் கப்பலின் அறைகளில் நிரப்பி அனுப்ப இது தோதுப்படாது. எடுத்த வேகத்திலேயே எரித்துவிட வேண்டும். எனவே நல்ல வெட்டு ஆட்களும் நல்ல எஞ்சின்களும் மட்டும் இந்தச் சுரங்கத்துக்குப் போதவில்லை. வெட்டியதை எங்கே, எவ்வளவு நேரம், எப்படி வைப்பது என்ற கேள்விக்கும் அங்கே தினமும் விடை தேவைப்பட்டது.

நிலத்தடிச் சுரங்கம் என்றதும் மனக்கண்ணில் வருவது இருட்டு, வாயு, கூரை இடிவு. அந்த ஆபத்துகள் மெய். ஆனால் சுரங்க வாசலுக்கு வெளியே இரண்டு மேடுகள் வளர்கின்றன. ஒன்று கழிவு மேடு, மற்றொன்று விற்பனைக்குக் காத்திருக்கும் கரி மேடு. முதலாவது சரியக்கூடியது, இரண்டாவது எரியக்கூடியது. வெட்டுவதற்கு வரைபடம் போடும் பொறியாளர்கள் இந்த இரண்டையும் நெடுங்காலம் மிச்சம் மீதியாகவே பார்த்தார்கள். அணையையும் பாலத்தையும் கட்டும் அதே கவனத்தோடு கட்ட வேண்டிய கட்டுமானங்கள் இவை. அந்தக் கவனம் தவறிய இடங்களில் விலை கொடுத்தவர்கள், பெரும்பாலும் சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காதவர்கள்.

முதலில் கரி மேட்டைப் பார்ப்போம். புதிதாக வெட்டிய கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்படும். குவியலின் மேற்பரப்பில் அந்த வெப்பத்தைக் காற்று கொண்டுபோய்விடும். குவியலின் நடுவில் காற்று நுழைய வழி இருக்கிறது, வெப்பம் வெளியேறும் அளவுக்கு ஓட்டம் இல்லை. ஈரம் காயாமல் போட்ட வைக்கோற்போர் உள்ளே வெந்து கருகுவதைக் கண்ட தஞ்சை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபது டிகிரி செல்சியசை ஒட்டி வெப்பம் ஏறிவிட்டால் பிறகு வேகம் கூடும். முதலில் ஒருவித மண்ணெண்ணெய் வாடை, பிறகு வியர்ப்பது போன்ற ஈரம், பிறகு நூலாக நீராவி. புகை கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே நெருப்பு நிலைகொண்டிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உயரத்திலிருந்து கரியைக் கொட்டினால் பொடி நடுவில் தங்கும். பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்தில் வட்டமாகச் சேரும். அந்தக் கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகள் அடுப்பின் காற்றுவாய் போலவே வேலை செய்து, அடியில் காற்றை உள்ளிழுத்து நடுவிலுள்ள பொடிக்கு ஊட்டுகின்றன. அதனால்தான் அனுபவமுள்ள கிடங்குக்காரர்கள் கூம்பாகக் கொட்ட விடமாட்டார்கள். மெல்லிய அடுக்காகப் பரப்பி, புல்டோசரால் அழுத்தி, சரிவைத் தாழ்வாக வைத்து, அதற்கு மேல் அடுத்த அடுக்கு. கெட்டியான, நீர் வடியும் தரை வேண்டும். அடியில் மரத்துண்டு, கந்தல் துணி, சாக்கு எதுவும் சிக்கியிருக்கக் கூடாது. முதலில் வந்த கரி முதலில் போக வேண்டும். இரும்புக் குழாயைச் செருகி உள்வெப்பத்தை அளக்க வேண்டும்; மூடிய கொள்கலனாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெப்பத்தைவிட முந்திச் செய்தி சொல்லும்.

சூடேறிய மேட்டின் மீது தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது ஆபத்தான வேலை. கனன்றுகொண்டிருக்கும் கரியில் நீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும், வெடிக்கவும் கூடும். சூடான பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, தள்ளிப் பரப்பி, ஆறவிட்ட பிறகு நனைப்பதே முறை. அதற்குக் கிடங்கிலேயே காலியிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். கடைசி அடிவரை கரி நிரப்பிய கிடங்கில் தீப்பிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சிங்கப்பூருக்கு இது தெரியாத பாடமல்ல. நீராவிக் கப்பல்களின் நூற்றாண்டில் இந்தத் தீவு பெரிய கரி நிலையம். 1852இல் பி அண்ட் ஓ நிறுவனம் புதுத் துறைமுகத்தில் கரித்துறை அமைத்தது. 1864இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி பிறந்தது. மூங்கில் காவடியிலும் கூடையிலும் கரியைச் சுமந்து கப்பலேற்றிய கூலிகளின் தோள்களில் வளர்ந்த துறைமுகம் இது. 1877இல் தஞ்சோங் பகாரின் கரிக்கிடங்குகளில் பெரும் தீ மூண்டு பல நாள் எரிந்தது. தீக்குப் பிறகு கிடங்கைக் கட்டும் விதமே பேச்சுக்கு வந்தது.

கரி மேடு தரும் தொல்லை தீ மட்டுமல்ல; தூசியைப் பற்றித் தமிழ்நாட்டில் ராயபுரத்து மக்களைக் கேட்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் குவித்த கரியின் தூசி ஆண்டுக்கணக்கில் அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கொடியில் காயும் துணியிலும் படிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2011 அக்டோபர் முதல் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் அந்தத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உத்தரவு வந்தது. சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு மூச்சு கிடைத்தது. எண்ணூர்க்காரர்கள் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலோடு போராடிக்கொண்டிருந்தவர்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த கதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. குவியலை நகர்த்துவது வேறு, சரியாக வைப்பது வேறு என்பதை அரசுகள் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி கழிவு மேடு. நிலத்தடிச் சுரங்கத்தில் கழிவு, திறந்தவெளிச் சுரங்கத்தைவிட மிகக் குறைவு. நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டியிருக்கிறது. நிலத்தடியில் குழியும் வழியும் வெட்டும்போது வரும் பாறை, கரிப்படுகைக்கு நடுவே ஓடும் களிக்கல், கரி கழுவும் ஆலையில் ஒதுங்கும் கல்லும் மெல்லிய கருஞ்சேறும், இறைத்து வெளியேற்றும் சுரங்க நீர் ஆகியவைதான் பிரதானம். இவற்றில் பாறைக்குள் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது இருந்தால் மழைநீர் அமிலமாகி ஓடும். ஓடை செம்மண் நிறமாகும், மீன் சாகும். சுண்ணாம்புக்கல் இட்டு அமிலத்தை முறித்து, குட்டைகளில் தெளியவைத்த பிறகே ஆற்றில் விட வேண்டும். கழிவு மேட்டிலும் கரித்துண்டு கலந்திருப்பதால் அதுவும் தானாக எரியக்கூடியது. அளவு குறைவு என்பதாலேயே இந்தக் கழிவை யாரும் பெரிதாக எண்ணவில்லை. எபர்வேனில் நடந்தது அதனால்தான்.

தெற்கு வேல்ஸில் மெர்தர் வேல் சுரங்கத்தின் கழிவு, எபர்வேன் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் கொட்டப்பட்டு வந்தது. ஏழாவது மேடு 1958இல் தொடங்கியது. அது கொட்டப்பட்ட இடத்தில் ஊற்றுகள் இருந்தன. வரைபடத்திலும் அவை குறிக்கப்பட்டிருந்தன. கழுவும் ஆலையின் மெல்லிய கருஞ்சேறும் அந்த மேட்டில்தான் சேர்ந்தது. பள்ளிக்குப் பின்புறம் இப்படிச் சேறு கொட்டுவது ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் 1963லேயே தேசிய நிலக்கரி வாரியத்துக்கு எழுதினார். 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதே கால் மணியளவில் மேடு நீரில் ஊறிக் குழம்பாகி இறங்கியது. பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் பழியை நேராக வாரியத்தின் மீது வைத்தது. கழிவு மேடுகளைக் கவனிக்க வாரியத்துக்கு எந்தக் கொள்கையும் இருக்கவில்லை என்பது அதன் கண்டுபிடிப்புகளில் முக்கியமானது. உள்ளே கூரை தாங்கும் தூணுக்கு விதி இருந்தது, வெளியே வளரும் மலைக்கு விதி இல்லை. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மனத்தை அறுக்கிறது. மிச்சமிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கு, உலகெங்குமிருந்து மக்கள் அந்தக் குடும்பங்களுக்காக அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. 1997இல்தான் அந்தத் தொகை திருப்பித் தரப்பட்டது. அப்போதும் வட்டி இல்லை. பிள்ளையை இழந்தவரிடம் மேட்டை அகற்றும் கூலியைக் கேட்ட அரசை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எபர்வேனுக்குப் பின் ஆறு ஆண்டுகள் ஆவதற்குள், 1972 பிப்ரவரி 26இல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் கழிவாலேயே கட்டிய கருஞ்சேற்று அணை உடைந்து 125 பேர் இறந்தனர். காரணம் அதேதான்: கழிவைக் கொண்டு அணை கட்டினார்கள், அணைக்குரிய கணக்கு போடவில்லை.

கழிவை வெளியே வைக்காமல் திரும்ப உள்ளேயே அனுப்ப முடியாதா? முடியும். இந்தியா இதில் உலகுக்குச் சொல்லத்தக்க அனுபவம் பெற்றிருக்கிறது. ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களில் கூரை விழாமலிருக்கக் கரியிலேயே தூண்களை விட்டுவிட்டு வெட்டுவது வழக்கம். பாதிக்கும் மேற்பட்ட கரி தூணாகவே நிற்கும். பேராசையில் தூணையும் வெட்டினால் கூரை இடியும். மேலே நிலம் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று இறங்கி, மிச்சக் கரி தீப்பிடிக்கும். ஜாரியாவில் 1916இல் முதலில் பதிவான நிலத்தடித் தீ இன்றுவரை பல இடங்களில் அணையவில்லை. வீட்டுத் தரை சுடுகிற குடியிருப்புகள் அங்கே உண்டு. 2009இல் ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளுக்கு 7,112 கோடி ரூபாயில் பெருந்திட்டம் அங்கீகரிக்கப்பட்டு, மக்களை இடம் மாற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

இதற்கு மாற்று, மணல் நிரப்புமுறை. 1936 டிசம்பரில் வங்கத்தின் போய்டி சுரங்க வெடிப்பில் 209 பேர் இறந்தனர். தொடர்ந்து அமைந்த பர்ரோஸ் குழுவின் ஆய்வுக்குப் பின், 1939இல் நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு நிரப்புமுறைச் சட்டம் வந்தது. விற்கும் ஒவ்வொரு டன் கரிக்கும் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் காலியான சுரங்க அறைகளை நிரப்ப உதவுவது அதன் வழி. ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய் வழியே கீழே இறக்குவார்கள். வெட்டி முடித்த அறையின் வாயில் மூங்கில் தட்டியும் சாக்கும் கட்டி அடைத்திருப்பார்கள். மணல் உள்ளே தங்கும். நீர் வடிந்து வெளியே வரும். அதை மீண்டும் மேலே இறைப்பார்கள். நிரப்பிய அறைக்கு அருகிலுள்ள தூணைப் பிறகு துணிந்து வெட்டலாம். நிலம் தாழாது, காற்று புகாது, தீ பற்றாது, கரியும் வீணாகாது.

ஆனால் அந்த மணல் தாமோதர் ஆற்றிலிருந்து வந்தது. காவிரியும் பாலாறும் மணல் இழந்து நிற்பதைப் பார்த்த தமிழருக்கு இதன் பொருள் உடனே புரியும். ஒரு வெற்றிடத்தை நிரப்ப வேறோர் இடத்தில் வெற்றிடம் உண்டாக்கினார்கள். அதனால்தான் இன்று அனல்மின் நிலையச் சாம்பலையும், கழுவும் ஆலையின் கல்லையும், அரைத்த பாறையையும் மணலுக்குப் பதிலாக நிரப்பும் முயற்சிகள் மதிக்கத்தக்கவை. சிங்கரேணி சுரங்கங்களில் அடிச்சாம்பலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாம்பலிலுள்ள உலோகங்கள் நிலத்தடி நீரில் இறங்காதபடி சோதித்துச் செய்தால், கரி வந்த இடத்துக்கே கரியின் கழிவு திரும்புகிறது. செலவு கூடுதல்தான். அந்தச் செலவைக் கரியின் விலையில் சேர்க்காமல் விட்டதால்தான் நிலத்தடிச் சுரங்கங்கள் நலிந்து திறந்தவெளிப் பள்ளங்கள் பெருகின. இந்தியா எடுக்கும் கரியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இன்று நிலத்தடியிலிருந்து வருவதில்லை.

சிங்கப்பூரில் சுரங்கம் இல்லை, ஆனால் இடமில்லாத தீவுக்குக் கழிவை வைக்கும் கலை தெரிந்தாக வேண்டியிருந்தது. 1999இல் திறந்த செமாக்காவ் நிரப்புத்தளம் அதன் பலன். நாம் எறியும் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் படகில் அங்கே போகிறது. கடலுக்குள் ஏழு கிலோமீட்டர் நீளக் கரை எழுப்பி, நீர் கசியாத விரிப்பும் கடற்களிமண்ணும் பரப்பி, அதற்குள் அறை அறையாக நிரப்புகிறார்கள். முதல் மூட்டை சாம்பல் வருவதற்கு முன்பே கரை கட்டி முடிந்திருந்தது. சுரங்கத் துறையிடம் நாம் கேட்பது இந்த வரிசையைத்தான். கரியும் இங்கே முற்றிலும் இல்லாமலில்லை: ஜூரோங் தீவில் துவாஸ் பவர் நிறுவனத்தின் தெம்புசு நிலையம் 2013 முதல் கரியையும் தாவரக் கழிவையும் சேர்த்து எரிக்கிறது. 2050க்குள் கட்டுப்பாடற்ற கரி மின்சாரத்தைக் கைவிடுவதாக நாடு 2021இல் உறுதி அளித்திருக்கிறது.

அப்படி உலகம் கரியை விட்டு விலகும்போது மேடுகள் தாமாக விலகிப் போவதில்லை. 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயல் மழையில் வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய மேடு சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு எண்ணிப் பார்த்தபோது வேல்ஸில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட கரிக்கழிவு மேடுகள் இருப்பது தெரியவந்தது. எபர்வேனுக்குப் பிறகு 1969இல் இயற்றிய சட்டம், சுரங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்த காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சுரங்கம் மூடி, நிறுவனம் கலைந்த பிறகு மேட்டைப் பார்ப்பது யார்? அதற்கென்று தனி அமைப்பு உருவாக்கும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது.

இந்தியாவில் 2009 முதல் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கமும் மூடும் திட்டத்தை முன்கூட்டியே தந்து, அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக்கணக்கில் கட்டிவர வேண்டும். அப்போது விதித்த அளவு, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம். நிலத்தடி வேலை மேலே குறைந்த இடத்தையே பிடிக்கிறது என்ற கணக்கில் அந்த வேறுபாடு வந்திருக்கலாம். ஆனால் ஜாரியாவின் வெடித்த தரைகளும் பத்து ஆராங்கின் வீடுகளுக்கு அடியில் இன்றும் ஓடும் பழைய சுரங்க வழிகளும் வேறு கணக்கு சொல்கின்றன. மூடும் நாளுக்கான தொகையை நிர்ணயிக்கும்போது, மேலே தெரியும் பள்ளத்தின் பரப்பை மட்டும் அளக்காமல், கீழே நிரப்பாமல் விட்ட வெற்றிடத்தையும் வெளியே நிற்கும் மேட்டின் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த அளவைச் சுரங்க நிறுவனம் மட்டுமல்லாமல், மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர்களும் பார்வையிட்டுக் கையெழுத்திடும் உரிமை இருக்க வேண்டும்.